உருளிக்குக் காது குத்தியவர்

பொதிகை குடியிருப்பிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை அடியோடு ஒழித்த பெருமை தாணுமாலயனையே சேரும். அந்தப் பெருமைக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை என்பது தனிக் கதை. பாளையங்கோட்டை பாலிடெக்னிக் ஒன்றில் ஆயுள் முழுக்க மின்னியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பது அவர் கண்ணில் படாது. அது கடவுள் கொடுத்த வரம் என்று அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டார்.

சமையலுக்கு ஹைட்ரஜன் வந்த காலம் அது. மொட்டைமாடியில் வெயிலைப் பிடித்து, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனை எஃகுத் தொட்டிகளில் அடைத்து வைத்துவிடுவார்கள். அங்கிருந்து குழாய் வழியாக எட்டு வீட்டு அடுப்புக்கும் அது இறங்கி வரும். சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டாம், தூக்க வேண்டாம், காலி ஆனதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு சங்கடம், ஹைட்ரஜனுக்கு ரோஷம் ஜாஸ்தி. கசியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி விழுந்தால் போதும், பற்றிக்கொள்ளும். நைலான் சேலையை உதறும்போது சடசடவென்று வருமே, அந்த அளவு பொறியே தாராளம்.

அதனால்தான் சட்டம் போட்டார்கள். தொட்டி, குழாய், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி என்று வீட்டில் நிலையாக இருக்கிற உலோகம் அத்தனையையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி, கடைசியில் பூமிக்குள் இறக்கிவிட வேண்டும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பொறி தாவ வழியில்லை. ஒரு குளத்துத் தண்ணீர் எல்லாக் கரையிலும் ஒரே உயரத்தில் நிற்கிற மாதிரி என்று தாணுமாலயன் சங்கக் கூட்டத்தில் விளக்குவார். விளக்கம் அத்தோடு நிற்காது. குளம், வாய்க்கால், மதகு என்று தாமிரபரணி வரைக்கும் போய்த்தான் திரும்பும்.

இது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு அடுப்படிச் சுவரிலும் ஒரு பெட்டி உண்டு. அது செம்புக் கம்பியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். எதனோடும் சேராத ஏதாவது ஒரு பொருள் உடம்பில் மின்னேற்றத்தோடு வீட்டுக்குள் அலைந்தால், கம்பியில் ஒரு சின்ன நடுக்கம் தெரியும். அப்படி அலையும் பொருளுக்கு மிதக்கும் கடத்தி என்று பெயர். முதலில் மஞ்சள் விளக்கு எரியும். சில நாள் ஆகியும் சரியாகவில்லை என்றால் சிவப்பு எரியும், எட்டு வீட்டுக்கும் எரிவாயு அடைபடும். பெட்டிக்குப் பேச்சும் வரும். எட்டு ஊருக்கும் பொதுவான, மடிப்புக் கலையாத தமிழ். தாணுமாலயனின் மனைவி செண்பகம் அதற்கு ‘ஏட்டையா’ என்று பெயர் வைத்தாள். வீட்டுக்குள் வந்து குற்றம் கண்டுபிடிப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். அந்தப் பெயரே எல்லா வீட்டிலும் நிலைத்துவிட்டது.

நாற்காலிக் கதைக்கு வருவோம். போன வருஷம் மூன்றாம் மாடி திரவியம் வீட்டில் சிவப்பு எரிந்தது. அவர் டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர். எரிவாயுக் கம்பெனியிலிருந்து வந்த அறிக்கையில் ‘காரணம்: பிளாஸ்டிக் நாற்காலி’ என்று இருந்தது. அடுத்த மாதம் முதல் மாடியில் ஒரு வீடு, அதே காரணம். அப்புறம் எதிர்வீடு, மறுபடியும் அதே. தாணுமாலயனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து எழுந்தால் மின்னேற்றம் வரும் என்பது அவர் பாடம் நடத்திய விஷயமாயிற்றே. அவசரக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டார். வீடு வீடாகப் போய் நாற்காலிகளைப் பறிமுதல் செய்து காவலாளி அறைக்குப் பின்னால் அடுக்கினார். திரவியம் வீட்டில் நான்கு நாற்காலி. அவர் தாணுமாலயனின் விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, இரண்டு நாற்காலிகளைத் தானே தூக்கிக்கொண்டு கூடவே இறங்கி வந்தார். என்ன ஒத்துழைப்பு என்று தாணுமாலயன் அன்று எல்லோரிடமும் சொல்லி மெச்சினார்.

அந்த வேகத்தில்தான் உருளி மாட்டியது.

செண்பகத்தின் அம்மா சீராகக் கொடுத்த வெண்கல உருளி அது. அடுப்பு மேடையின் மூலையில் எப்போதும் இருக்கும். பாயசத்துக்கும் அல்வாவுக்கும் மட்டும் அடுப்பில் ஏறும். குடியிருப்புக்கே முன்மாதிரி வீடாகத் தன் வீடு இருக்க வேண்டும் என்று தாணுமாலயனுக்கு ஒரு ஆசை. அடுப்புக்குப் பக்கத்தில் நிலையாக இருக்கிற உலோகம் என்ற வரையறைக்குள் உருளி வருமா வராதா என்று தனக்குள் பட்டிமன்றம் நடத்தி, வரும் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த விளிம்புக்குப் பொருந்துகிற கவ்வி கடையில் கிடைக்கவில்லை. செண்பகம் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து விளிம்பில் துளை போட்டு, திருகாணி முடுக்கி, பச்சையும் மஞ்சளுமான கம்பியைக் கட்டிவிட்டார். கட்டிவிட்டு எட்ட நின்று அழகு வேறு பார்த்தார்.

செண்பகம் வந்தாள். பார்த்தாள். விரலால் அந்தத் துளையை ஒரு தரம் தடவினாள். கத்தியிருந்தால் தேவலை என்று அவர் பிற்பாடு பலநாள் நினைத்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டையா, எங்கம்மா உருளிக்குக் காது குத்தியிருக்காகல்லா, எங்க அண்ணனுக்கு ஏன் சொல்லலன்னு கேளுங்க. தாய்மாமன் மடியில வச்சுல்லா குத்தணும்."

ஏட்டையா அதை ஒரு எழுத்துப் பிசகாமல் ஐயாவிடம் ஒப்பித்தார். ஏட்டையாவுக்குக் கேலி புரியாது, பாவம்.

அன்றோடு பேச்சு நின்றது. கோபம் வந்தால் புருஷனிடம் நேராகப் பேசாமல் பிள்ளையிடமோ சுவரிடமோ சொல்லிக் காதில் விழவைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பிள்ளைகள் வெளிநாட்டில். சுவர்தான் பாக்கி, அந்தச் சுவருக்கும் இப்போது வாய் இருந்தது. "ஏட்டையா, காபி ஆறுதுன்னு சொல்லுங்க." "ஏட்டையா, மாத்திரை முடிஞ்சு போச்சான்னு கேளுங்க." தாணுமாலயனும் பதிலுக்கு ஏட்டையாவிடமே சொல்லியனுப்பினார். ரோஷத்தில் அவர் ஹைட்ரஜனுக்குச் சளைத்தவரா? மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இரண்டொரு தரம் வந்தது. தொழில்நுட்ப ரீதியில் தான் செய்தது சரிதானே என்ற எண்ணம் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டது.

முன்பெல்லாம் காபி டம்ளரை அவர் கையில் கொடுப்பாள். இப்போது சாப்பாட்டு மேசையின் கண்ணாடிமேல் ணங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். தட்டும் அப்படித்தான், மாத்திரையும் அப்படித்தான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குதிகால் வலிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த எம்.சி.ஆர். என்கிற ரப்பர் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார், டெரிலின் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து எழுவார், சங்கத்துக்குச் சுற்றறிக்கை தயாரிப்பார். அடுப்படிப் பக்கம் போகிற வழக்கம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. உருளிக்குக் காது குத்தப் போனதுதான் அவர் அங்கே நெடுநேரம் நின்ற முதல் தடவை.

ஆடி பிறந்து காற்று சாடிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஏட்டையா கணீரென்று அறிவித்தார். "இந்த வீட்டில் மிதக்கும் கடத்தி உள்ளது. எட்டு வீடுகளுக்கும் எரிவாயு நிறுத்தப்படுகிறது."

தாணுமாலயனுக்குத் தலையில் இடி. மஞ்சள் விளக்கு எரிந்தபோதே செண்பகம் ஏட்டையா மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். முன்மாதிரி வீட்டில் அப்படியெல்லாம் வராது, பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று அவர் பதில் அனுப்பியிருந்தார். இப்போது அரை அவியலாக எட்டு வீட்டு இட்லியும் நின்றது. செயலாளர் வீட்டில்தான் பழுது என்ற செய்தி லிஃப்ட்டுக்கு முன்னாலேயே படியேறிப் போயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. ‘ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா சார்’ என்று அன்பாகக் கேட்டார்கள். அதுதான் சகிக்கவில்லை.

பழைய மின்னேற்ற மீட்டரைத் தூசு தட்டி எடுத்தார். பூஜை அறைக் குத்துவிளக்கின் பக்கத்தில் பிடித்தார், முள் எகிறியது. அகப்பட்டாயா என்று அதற்கு ஒரு கம்பி கட்டினார். பீரோ பக்கம் போனார், அங்கேயும் எகிறியது, அதற்கும் கட்டினார். கிரைண்டர், தையல் மெஷின், குடை ஸ்டாண்டு, கொலுப்படிக்கு வைத்திருந்த இரும்புச் சட்டம், எதன் பக்கத்தில் போனாலும் முள் துள்ளியது. வீடே சதிசெய்கிறது என்று முடிவுகட்டினார். மத்தியானத்துக்குள் வீடு முழுக்கப் பச்சை மஞ்சள் கம்பி ஓடியது. தோரணம் கட்டியதுபோல அதைத் தாண்டித் தாண்டி செண்பகம் நடந்தாள். ஒரு இடத்தில் நின்று அவரையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், யாரிடம் சொல்வது என்று யோசித்ததுபோல மூடிக்கொண்டாள்.

கம்பி தீர்ந்துபோய்க் கடைக்கு வாங்கப் போனார். தெருமுனை திரும்புவதற்குள் போன் வந்தது, எரிவாயு வந்துவிட்டதாம். வெற்றி என்று அங்கேயே ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து செருப்பை மாற்றிக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்தார், மறுபடி சிவப்பு. அன்று மூன்று தடவை வெளியே போனார், மூன்று தடவையும் வந்தது. மூன்று தடவையும் உள்ளே வந்தார், மூன்று தடவையும் போனது. இதிலிருந்து அந்த மின்னியல் ஆசான் கண்டுபிடித்தது, எங்கேயோ லூஸ் கான்டாக்ட் என்பது. காலமெல்லாம் இவரிடம் படித்துவிட்டு வெளியே போன பையன்கள் எங்கெங்கே என்னென்ன செய்துகொண்டிருக்கிறார்களோ என்று பின்னாளில் அவருக்கே கவலையாக இருந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் காலையில் கூடத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. செண்பகத்தின் சூட்கேஸ்.

"ஏட்டையா, நான் தூத்துக்குடிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். மூணு மணி பஸ். அடுப்பு எரியாத வீட்டுல எனக்கு என்ன ஜோலின்னு சொல்லுங்க."

"திரும்பி வரும் தேதியைக் குறித்துக்கொள்ளட்டுமா அம்மா?" என்று ஏட்டையா கேட்டார்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

ஆடிக்குப் புதுப்பெண்ணைத்தானே பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்று தாணுமாலயன் ஒரு வேடிக்கை நினைத்தார். சொல்ல ஆளில்லை. ஏட்டையாவிடம் சொல்லியனுப்பலாமா என்று யோசித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. செண்பகம் தேதி சொல்லாமல் எங்கும் போனவள் இல்லை. பக்கத்தில் இருக்கிற வண்ணாரப்பேட்டைக்குப் போனாலும் எத்தனை மணிக்குத் திரும்புவேன், சோறு எதில் இருக்கு, குழம்பு எதில் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவள். மூன்று மணிக்குள் அந்தப் பழுதைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் அவள் போய்விடுவாள். போனால் வரமாட்டாளோ என்ற பயம் அவருக்கு முதல்முறையாக நன்றாகவே வந்தது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி பீரோ பக்கம் போனார்.

அப்போதுதான் திரவியம் இறங்கி வந்தார். கையில் தூக்குவாளி. எரிவாயு இல்லாததால் மெஸ்ஸில் சொல்லி இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கி வந்திருந்தார். கூடத்துக் கம்பிகளைப் பார்த்தார், சூட்கேஸைப் பார்த்தார், மீட்டரும் கையுமாகப் பீரோவுக்கு அடியில் பாதி நுழைந்திருந்த செயலாளரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. அதுக்கடியில ஒண்ணும் இருக்காது."

தாணுமாலயன் எழுந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். எங்கே கொண்டுபோனாலும் முள் எகிறுகிறது, வெளியே போனால் எரிவாயு வருகிறது, உள்ளே வந்தால் போகிறது. ஒருவேளை தன் வீட்டிலும் யாராவது பிளாஸ்டிக் நாற்காலியை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்றும் சந்தேகப்பட்டார். திரவியம் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் செண்பகம் நின்றிருந்தாள். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க வீட்டுல சிவப்பு எரிஞ்சுதே, அதுக்கு நாற்காலி காரணமில்ல அண்ணாச்சி."

"அறிக்கையில இருக்கே."

"நான்தான் எழுதச் சொன்னேன். அவ போனதுக்கப்புறம் நான் அடுப்படிப் பக்கமே போகல. சாப்பாடு மெஸ்ல இருந்து வந்துச்சு. இதே மாதிரி ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு கூடத்துல இங்கயும் அங்கயும் நடப்பேன், அவ்வளவுதான். கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு பேசுச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘ஐயா, நீங்க கடைசியா யாரைத் தொட்டிய’ன்னு கேட்டுச்சு." திரவியம் தூக்குவாளியைக் கீழே வைத்தார். "எனக்கு ஞாபகம் வரல."

கூடத்துக் கம்பிகளைப் பார்த்தபடி அவரே தொடர்ந்தார்.

"மனுச உடம்பும் கடத்திதானாமே. நீங்க பாடம் நடத்தியிருப்பிய, எனக்கு அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியும். தினமும் யாராவது தொட்டா, இல்ல நாம எதையாவது தொட்டா, மேல இருக்கறது எறங்கிருமாம். வீட்டுக்குள்ள ஒருத்தர் யாரையும் எதையும் தொடாம அலைஞ்சாக்க இந்தப் பெட்டிக்குத் தெரிஞ்சு போகுமாம். அத அறிக்கையில எப்பிடி எழுத? எல்லா வீட்டுக்கும் போகும்லா அது. அந்தப் பொண்ணுக்கும் எழுத மனசில்ல. எதையாவது எழுதணும்னுச்சு. கண்ணு முன்னால நாற்காலி கெடந்துச்சு."

"அப்ப முதல் மாடி? எதிர்வீடு?"

திரவியம் தூக்குவாளியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் மாடிக்காரர் வீட்டில் மாமனாரும் மருமகனும் பாகப்பிரிவினையில் பேசாமல் இருந்தது தாணுமாலயனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக்காரன் அந்த மாதம் முழுக்கக் கூடத்திலேயே படுத்திருந்ததும் ஞாபகம் வந்தது. அந்த வீடுகளுக்கெல்லாம் போய், வாசலில் நின்று, ஊர் கேட்க மின்னேற்றம் பற்றி வகுப்பெடுத்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். அத்தனை பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே திரவியம்."

"நீங்க அம்புட்டு நேரம் விளக்கிச் சொன்னிய. இடையில மறிக்க மனசு வரல." அவர் கையை நீட்டினார். "இப்பம் அந்த மீட்டர இங்க குடுங்க."

வாங்கி டீப்பாயின்மேல் வைத்தார். தாணுமாலயனை வாசல்வரை தள்ளி நிற்கச் சொன்னார், முள் மெதுவாகப் படுத்தது. கிட்டே வரச் சொன்னார். செருப்பு சரக் சரக்கென்று உரசிக்கொண்டு வந்தது. முள் துள்ளி எழுந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் செய்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் தாணுமாலயன் செய்து பார்த்தார், வாத்தியார் புத்தி.

மூன்று நாளாக மீட்டரைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் தேடிய திருடன், மீட்டரைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன்தான். குத்துவிளக்கும் கிரைண்டரும் பாவம். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் சேர்ந்து வரும்போல இருந்தது. அதனால் சும்மா நின்றார். பேச்சு நின்ற நாள் முதல் ஒரு டம்ளர்கூடக் கையிலிருந்து கைக்கு வரவில்லை. தினமும் காலையில், மத்தியானத்தில், ராத்திரி மாத்திரை நேரத்தில், அடுப்பையும் குழாயையும் தொட்ட கையால் அவள் நீட்டியதை அவர் வாங்கினபோதெல்லாம், உடம்பில் ஏறியிருந்தது சத்தமில்லாமல் இறங்கிப் போயிருக்கிறது. அதற்கு ஒரு கம்பியும் அவர் கட்டவில்லை, ஒரு கவ்வியும் கடையில் தேடவில்லை. குளித்தாலோ, கம்பி கட்டும்போது தொட்டாலோ கொஞ்சம் போகும். செருப்பை மாட்டிக்கொண்டு ரெண்டு நடை நடந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நான் இப்பம் என்ன செய்யுதேன் தெரியுமா?" என்றார் திரவியம் போகிற போக்கில். "காலையில எந்திரிச்சதும் அடுப்படிக்குப் போயி அந்தக் குழாயக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அதுக்கப்புறம் பால் இல்லாம ஒரு கட்டங்காபி போடுதேன். அடுப்படிக்குப் போயாச்சுல்லா, சும்மா எதுக்கு வரணும்."

தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு அவர் படியேறிப் போனார்.

மணி இரண்டரை தாண்டியிருந்தது. செண்பகம் பாலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, கெட்டுப்போகாமல் தங்கச்சி வீட்டுக்கே கொண்டுபோய்விடலாமா என்று யோசித்தபடி அடுப்பு மேடை அருகில் நின்றிருந்தாள். தாணுமாலயன் அடுப்படி வாசலில் வந்து செருப்பைக் கழற்றினார். குதிகால் தரையில் பட்டதும் முள் குத்தியதுபோல் வலித்தது. உள்ளே நுழைந்தார். எதைத் தொடுவது? குழாய் அவளுக்குப் பின்னால் இருந்தது. பாத்திரத் தொட்டி அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் நின்ற இடத்துக்குக் கிட்டே இருந்தது உருளிதான். அந்த வீட்டிலேயே ஒழுங்காகத் துளைபோட்டு, முறையாகத் திருகாணி முடுக்கி, பூமிவரை போகிற கம்பியில் கட்டப்பட்டிருந்த பாத்திரமும் அதுதான்.

விளிம்பைத் தொட்டார். விரல்நுனியில் சுரீரென்றது. ஒரு கடுகளவு வெளிச்சம் மின்னி அணைந்தது. அவள் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும்.

தாணுமாலயன் கையை எடுக்கவில்லை. அடுப்பில் எங்காவது மயிரிழைக் கசிவு இருந்து, ஏட்டையா அடைக்காமல் விட்டிருந்து, இதே விரலோடு இதே இடத்துக்கு அவர் வந்திருந்தால் என்று நினைத்தார். அவள் நாள் முழுக்க நிற்கிற இடம் அது. வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு நெருப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் ஓயாமல் பேசிய வாய் அது, இப்போது காற்றுதான் வந்தது.

"மிதக்கும் கடத்தி இல்லை," என்றார் ஏட்டையா. "எட்டு வீடுகளுக்கும் எரிவாயு திறக்கப்படுகிறது. கம்பெனி அலுவலர் இணைப்பில் உள்ளார்."

பெட்டியிலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது. பெயர் ஷைனி என்றது. பழுது சரியானதற்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டது. "சார், அறிக்கையில காரணம்னு ஒண்ணு போடணும். என்ன போடட்டும் சார்?"

தாணுமாலயன் நிமிர்ந்தார். செய்த தப்பை எட்டு வீட்டுக்கும் தெரிய ஒத்துக்கொள்வதே முறை என்று தோன்றியது. "காரணம் வந்து," என்று ஆரம்பித்தார்.

"பிளாஸ்டிக் நாற்காலின்னு போட்டுக்கம்மா," என்றாள் செண்பகம்.

அந்தப் பக்கம் கொஞ்சம்கூடத் தாமதமில்லை. "சரிங்கம்மா," என்ற குரலில் ஆச்சரியமும் இல்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவர் மனைவியைப் பார்த்தார். அப்படியானால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. திரவியம் வீட்டுக் கதையும் தெரியும், எதிர்வீட்டுக் கதையும் தெரியும். குடியிருப்பிலுள்ள அத்தனை பெண்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் தீர்மானம் போட்டவர் செயலாளர் ஒருவர்தான். அவர் வீட்டில் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்காது. அறிக்கையைப் படிக்கிற எட்டு வீட்டுக்கும் அதுவும் தெரியும்.

கண்ணைத் துடைக்கக் கையை உருளியிலிருந்து எடுக்கப் போனார்.

"கைய எடுத்துராதிய," என்றாள் செண்பகம். சுவரைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து. "பால் பொங்கட்டும்."

அடுப்பு பற்றிக்கொண்டது. பால் பொங்குகிற வரைக்கும் அவர் ஒரு கையை உருளிமேல் வைத்துக்கொண்டு, வலிக்கிற குதிகாலை மாற்றி மாற்றி ஊன்றி நின்றார். மூன்று மணி பஸ் போயிருக்கும். சூட்கேஸ் கூடத்திலேயே இருந்தது. நாளைக்கும் ஒரு மூன்று மணி பஸ் உண்டு என்பது அவருக்கு மறக்கவில்லை. அவள் டிகாஷனை ஊற்றி, சர்க்கரை போட்டு, இரண்டு ஆற்று ஆற்றினாள். டம்ளரை மேடையில் வைக்காமல் நீட்டினாள். அவர் மற்றக் கையால் வாங்கினார். சூடு. ஆனாலும் உடனே இழுத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேர் விரலும் அதன்மேல் கொஞ்சம் இருந்தன.

"அம்மா," என்றார் ஏட்டையா, பழக்கதோஷத்தில். "ஐயாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"வேண்டாம் ஏட்டையா. நாங்களே பேசிக்கிடுதோம்."

பேசினாள். உருளித் துளையைத் திரவியம் அண்ணாச்சியிடம் கொடுத்து அடைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், அடைத்தாலும் தழும்பு தெரியத்தான் செய்யும், தெரியட்டும். துளை போடும் மெஷின் இனிமேல் அவள் பீரோவில் இருக்கும், சாவி அவளிடம். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். கடைசிச் சொட்டுக் காபியையும் குடித்துவிட்டு டம்ளரை அவள் கையிலேயே கொடுத்தார்.

"கீழ போயி அண்ணாச்சி நாற்காலி நாலையும் எடுத்துட்டுப் போயி அவுக வீட்டுல போட்டுட்டு வாங்க. மத்த வீட்டு நாற்காலியும்தான்."

இப்போதேவா என்று அவர் கேட்கவில்லை. வாசலை நோக்கி நடந்தார். வெறுங்கால் தரையில் பட்டுப் பட்டு வலித்தது. கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"செருப்பப் போட்டுட்டுப் போங்க. படி ஏறி எறங்கணும்லா."